கூட வைத்த ஒன்று

அன்று கடையில் இருந்தவர்கள் நான்கு பேர். கடை முதலாளி, நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர். அவருடைய மனைவி, எனக்கு அக்கா, கணக்கெல்லாம் அவர் கையில். சாம்பல் நிறக் கோட்டும் மினுங்குகிற சப்பாத்துமாக வந்திருந்த ஒரு இராணுவ அதிகாரி. நான்காவது நான், ரிப்பன் தைக்கிறவள். தபால்காரர் இடையில் கதவைத் திறந்து ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனார். அவரை நான் சேர்க்கவில்லை.

யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுவது எனக்குப் பழகிப்போன ஒன்று. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி விசாரணையில் அப்படித்தான் கேட்டார்கள். அன்று வீட்டில் யார் இருந்தது, யார் கதவைத் திறந்தது, யார் முதலில் பேசியது. ஒரு ஆளை விட்டுவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும் என்று அப்போது பிடித்த பயம் இன்னும் விடவில்லை. நான் எதற்கும் பயப்படுகிறவள். அடுப்பை நிறுத்தினேனா, திறப்பால் கதவைப் பூட்டினேனா என்று ட்ராம் நிறுத்தத்திலிருந்து திரும்பி ஓடுகிறவள். படிப்பும் எட்டாம் வகுப்போடு சரி. இடம்பெயர்ந்து போன ஊரில் ஒன்பதாம் வகுப்புக்குப் பள்ளிக்கூடமே இருக்கவில்லை.

கடை ஜேர்மனியில், எசன் நகரத்தில், ரயில் பாலத்துக்குக் கீழே. தமிழ்ப் பள்ளிக்கூடங்களின் விளையாட்டுப் போட்டிக்கும் கால்பந்துக் கழகங்களுக்கும் கோப்பைகள் செய்கிறோம். ஆனால் சோறு போடுவது கார்னிவல்தான். குளிர்காலம் முடிகிற நேரத்தில் இங்குள்ள கார்னிவல் சங்கங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு புதுப் பதக்கம் செய்து, ஒருவர் கழுத்தில் ஒருவர் மாட்டிக்கொள்வார்கள். பன்றி, கோமாளித் தொப்பி, பியர்க் கிளாஸ் எல்லாம் அதில் வரும். வார்ப்பு வேறு இடத்திலிருந்து வரும். நிறம் பூசுவது, பெயர் பொறிப்பது, ரிப்பன் தைப்பது, பெட்டியில் அடுக்குவது எங்கள் வேலை. ஓடர் ஐம்பது என்றால் ஐம்பத்தொன்று போகும். பூச்சியத்தில் முடியக்கூடாது என்பது அண்ணையின் சட்டம். ஜேர்மன்காரர் அதை இலவசம் என்று நினைத்துச் சந்தோஷப்படுவார்கள்.

இப்படிப்பட்ட கடைக்கு ஒரு இராணுவ அதிகாரி ஏன் வந்தார் என்றால், பெரிய கொம்பனிகள் கேட்ட விலை அவர்களுக்குக் கட்டுப்படவில்லை. அவருடைய நாடு எது என்று நான் எழுதப் போவதில்லை. கொடியின் மடிப்பு இன்னும் கலையாத நாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரோடு ஒருவர் சண்டை பிடித்த மூன்று படைகளைச் சேர்த்து, ஒரே உடுப்பைப் போட்டுவிட்டு, இனி இதுதான் இராணுவம் என்று சொல்லியிருந்தார்கள். இவர் இளம் வயதில் இங்கே பயிற்சி எடுத்தவராம். நல்ல ஜேர்மன் பேசினார். எனக்கு விளங்கியபடி தமிழில் எழுதுகிறேன்.

ஒரு பெரிய தாளை மேசையில் விரித்தார். கோபுரம் மாதிரிக் கட்டங்கள். உச்சியில் ஒரு நட்சத்திரம். அதன் கீழே வீரத்துக்கு மூன்று தரம். அதற்கும் கீழே சேவைக்கு, ஐந்து வருடம், பத்து வருடம். அடிக்கட்டத்தில் சண்டையில் இறந்தவர்களுக்கு.

“எது பெரியது, எது சின்னது, எதற்குப் பக்கத்தில் எதைக் குத்துவது, எல்லாவற்றையும் முதலிலிருந்து உண்டாக்கவேண்டும்,” என்றார். “எங்களிடம் ஒன்றுமே இல்லை.”

அண்ணை ஜேர்மனில் ஒன்று சொல்வார், எங்களுக்குத் தமிழில் வேறொன்று சொல்வார். தாளைக் குனிந்து பார்த்தபடியே, “பத்து வருசச் சேவையோ? ஆமி இன்னும் தவழவே தொடங்கேல்லை, அதுக்குள்ள பென்சனோ?” என்றார்.

“சும்மா இருங்கோ,” என்றார் அக்கா. “தானா வந்த ஓடர். உங்கட பகிடியால கலைச்சுப்போடாதேங்கோ.”

அந்தப் பத்து வருடக் கேள்வியை அண்ணை மரியாதையாக ஜேர்மனில் கேட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. “முன்பு இருந்த படைகளில் செய்த சேவையையும் சேர்த்து எண்ணச் சொல்கிறார்கள்,” என்றார். “எண்ணாவிட்டால் கோபம். எண்ணினால் அதைவிடக் கோபம். ஒருவன் வீரப்பதக்கம் வாங்கியது, இப்போது அவனுக்குப் பக்கத்தில் நிற்கிறவனின் அண்ணனைச் சுட்டதற்கு.”

“அப்ப பழசை என்ன செய்தனீங்கள்?” நான்தான் கேட்டேன். கேட்க நினைக்கவில்லை, வாயில் வந்துவிட்டது.

“கழற்றச் சொல்லிவிட்டோம். கழற்றின இடம் வெறுமையாகக் கிடக்கிறது. அங்கே புதிதாக ஒன்றைக் குத்தாவிட்டால் ஆளாளுக்குப் பழையதை எடுத்துக் குத்திக்கொள்வார்கள். பிறகு ஒரு உடுப்புக்குள் மூன்று படை.”

அண்ணை ரிப்பன் உருளைகளைக் கொண்டுவந்து பரப்பினார். சிவப்பை அதிகாரி விரலால் ஓரமாகத் தள்ளினார். அது முதலாவது படையின் நிறம். பச்சை இரண்டாவது படை. நீலம் மூன்றாவது. மஞ்சள், நீலத்தோடு சேர்ந்து நின்ற யாரோ. தள்ளித் தள்ளி, கடைசியில் மேசையில் மிஞ்சினது ஊதா, மண்ணிறம், சாம்பல்.

“சண்டை பிடிக்காத நிறம் மூண்டுதான் மிஞ்சியிருக்கு,” என்றார் அண்ணை. “அதிலயும் ஊதா போன வருசத்துக் கோமாளியளின்ர.”

ஊதா வீரத்துக்கு என்றும், மண்ணிறம் சேவைக்கு என்றும், சாம்பல் இறந்தவர்களுக்கு என்றும் முடிவாயிற்று. சாம்பல் ரிப்பனை ஒரு துண்டு வெட்டிப் பார்த்தேன். தரை துடைக்கிற துணி போல இருந்தது. மனம் கேட்காமல் நடுவில் வெள்ளை நூலால் ஒரு கோடு தைத்துக் காட்டினேன்.

“ஏன் வெள்ளை?” என்று கேட்டார்.

“எங்களில செத்தவீட்டுக்கு வெள்ளை.”

“எங்களில் அது கல்யாணத்துக்கு,” என்றார். ரிப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பரவாயில்லை. இருக்கட்டும்.”

அடிக்கட்டத்தில் இன்னொரு சிக்கல் இருந்தது. இறந்தவர்களுக்கும் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று தரம் போட்டிருந்தார்கள். அதிகாரிக்குத் தங்கம், சாதாரணச் சிப்பாய்க்கு வெண்கலம். அண்ணைக்கு வாய் சும்மா இருக்குமா.

“மூண்டாம் இடத்தில செத்தவரோ? எங்கட ஸ்போட்ஸ் மீற்றிலகூட உப்பிடிச் செய்யிறேல்லை.”

அக்கா சிரித்துவிட்டார். என்ன பகிடி என்று அதிகாரி கேட்டார். அண்ணை ஒன்றுமில்லை என்று சொல்லிப் பார்த்தார். அவர் விடவில்லை. கடைசியில் அண்ணை காது சிவக்க அதை ஜேர்மனில் சொல்லவேண்டி வந்தது. சொன்னபோது அதில் சிரிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அதிகாரி பேனையை எடுத்து மூன்று கட்டங்களையும் வெட்டி ஒன்றாக்கினார்.

“எத்தனை செய்யவேணும்?” அக்கா விலை எழுத ஆயத்தமானார்.

ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அடிக்கட்டத்துக்கு வந்ததும், “முதலில் நூறு,” என்றார்.

ரிப்பன், ஊசி, பெட்டி எல்லாம் சேர்த்து ஒன்று பதினேழு யூரோ நாற்பது சென்ட் என்று அக்கா சொன்னார். அவர் தலையாட்டினார்.

“பேருகளை எப்ப தருவீங்கள்?” என்று நான் கேட்டேன். பின்பக்கத்தில் பெயர் பொறிக்கிற மெஷினை முன்கூட்டியே அமர்த்தி வைக்கவேண்டும்.

“பெயர் இல்லை. பின்பக்கம் வெறுமையாக இருக்கட்டும்.”

“பிறகு தருவீங்களோ?”

“இன்னும் யாரும் இறக்கவில்லை,” என்றார். “இராணுவம் என்று இருந்தால் இதுவும் கையிருப்பில் இருக்கவேண்டும்.”

அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. என் கணவர் பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், மாலையில் வந்ததும் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார்.

“என்னப்பா, இண்டைக்கு எது? அடுப்போ, திறப்போ?”

“ஆமிக்குப் பதக்கம் செய்யப்போறம்.”

“அதுக்கு? எங்கட ஊர் ஆமிக்கில்லையே.”

“எந்த ஆமியும் ஆமிதான். சாகாத நூறு பேருக்கு, செத்ததுக்கு எண்டு செய்து பெட்டியில போட்டு வைக்கப்போறம். செய்து வைச்சால் அதுக்கு ஆள் வேணுமே? என்ர கையால தைச்சுக் குடுக்க ஏலாது. நான் நிக்கப்போறன் வேலையால.”

அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “உன்ர கொண்ணர் காணாமல் போன நேரம் மாமிக்கு என்ன வந்தது?”

ஒன்றும் வரவில்லை. என் அண்ணாவைப் பற்றி ஒரு துண்டுக் கடதாசி கூட வரவில்லை. அம்மா கண்ணை மூடும்வரைக்கும் வாசல் மணி அடித்தால் எழும்பிப் பார்ப்பார்.

“உன்ர ரிப்பன் எண்டாலும் ஒரு தாயின்ர கையில இருக்கும்,” என்றார். “இல்லாட்டி அதுவும் இருக்காது. தையப்பா.”

வார்ப்புகள் வந்ததும் ஊசியை எடுத்தேன். தைத்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் வெள்ளைக்கோடு. தைக்கும்போது முகம் எதுவும் நினைவுக்கு வரக்கூடாது என்று வானொலியைச் சத்தமாகப் போட்டுக்கொண்டேன். முடிந்ததும் பெட்டியில் அடுக்கினேன். பத்துப் பத்தாகத் தட்டு, தட்டுக்கு மேல் மெல்லிய கடதாசி. மூடியைப் போட்டு ஒட்டினேன். கூரியர் வந்து எடுத்துப் போனான். அக்கா நூற்றுக்குப் பில் போட்டார், காசும் தாமதமில்லாமல் வந்தது. எனக்கு மனம் ஆறியது.

இரண்டு கிழமை கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டப வாசலில் காருக்குள் இருந்தபடி கணவர் என்வலப்புக்குள் நூறு யூரோவை வைத்தார்.

“இஞ்சேர், ஒரு யூரோக் குத்தி இருக்கோ?”

கைப்பையைத் துழாவிக் குத்தியை எடுத்து நீட்டினேன். நீட்டின கை அப்படியே நின்றுவிட்டது. கடைசித் தட்டை அடுக்கி, மெல்லிய கடதாசியைப் போட்டு, அதற்கு மேல் ஒன்றை வைத்தது கையில் நினைவு வந்தது. மனதில் இல்லை, கையில்தான். கார்னிவல் பதக்கத்துக்கு வைப்பதுபோல, விளையாட்டுப் போட்டிக் கோப்பைக்கு வைப்பதுபோல, கூட ஒன்று.

“என்னப்பா, குத்தியைத் தாவன்.”

நான் அழத் தொடங்கிவிட்டேன். மண்டபத்துக்குள் போகிறவர்கள் குனிந்து காருக்குள் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை கடைக்குப் போய் முதல் வேலையாக மிஞ்சின வார்ப்புகளைப் பார்த்தேன். பழுதானால் மாற்ற என்று ஐந்து கூடுதலாக எடுத்திருந்தோம். ஒன்றும் பழுதாகவில்லை. ஆனால் நான்குதான் இருந்தது.

“ஒண்டு கூடப் போனதுக்கு இவ்வளவு அமர்க்களமோ?” என்றார் அண்ணை. “குறையப் போயிருந்தால் அழு.”

அக்காவுக்குத்தான் விளங்கியது. “செத்தவீட்டுக்கு ஆரடி நூத்தொண்டு வைக்கிறது?” என்றார். சொன்ன பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி சரி, நான் ஒண்டும் சொல்லேல்லை, போய்த் தண்ணியைக் குடி,” என்றார்.

அது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நல்ல காரியத்துக்கு ஒன்று கூட வைப்பது, இதோடு முடியாமல் இன்னும் பெருகட்டும் என்று. செத்தவீட்டில் அந்த ஒன்றை வைக்கமாட்டோம். இன்னும் வரட்டும் என்று அங்கே யாராவது சொல்வார்களா. நான் சொல்லியிருக்கிறேன். மூடியை ஒட்டி அனுப்பியும் இருக்கிறேன்.

என் கெஞ்சல் பொறுக்காமல் அண்ணை அதிகாரிக்குப் போன் எடுத்து என்னிடம் தந்தார். எனக்கு ஜேர்மன் பாதிதான் வந்தது. கல்யாணம், என்வலப், ஒரு யூரோக் குத்தி, செத்தவீடு என்று என்னென்னவோ சொன்னேன். விசர் பிடித்தவள் என்று போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

“அந்த ஒன்று, இன்னும் வரட்டும் என்பதற்கா?” என்று கேட்டார்.

“ஓம்,” என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு ஜேர்மனில் சொன்னேன். “அதைத் திருப்பி அனுப்புங்கோ. தபால் செலவை நான் தாறன்.”

“பெட்டி விமானத்தில் போய்விட்டது. நான் அடுத்த மாதம்தான் போவேன்.”

அப்போது என் வாயில் வந்ததுதான் இன்றுவரை நான் பிடித்துக்கொண்டிருப்பது. “அப்ப அதுக்குக் காசு தராதேங்கோ. நீங்கள் நூறுக்குத்தான் காசு தந்தனீங்கள். காசு தராதது எங்கட கடையின்ர சாமான். உங்கட ஆமியின்ரை இல்லை.”

“சரி,” என்றார். “அது கடையின் பதக்கம். கடையின் பதக்கத்தை நாங்கள் யாருக்கும் கொடுக்க முடியாது. நான் போனதும் எடுத்துத் தனியாக வைக்கிறேன்.”

அந்த ஒரு சொல்லோடு எனக்கு நித்திரை வந்தது.

அதன் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இலையுதிர்காலத்தில் ஒரு நாள் தொலைக்காட்சியில் அந்த நாட்டின் பெயர் ஓடியது. தெருவில் ஒரு லொறி எரிந்துகொண்டிருந்தது. ஒரே உடுப்புப் போட்டவர்கள் இரண்டு பக்கமும் நின்று சுட்டுக்கொண்டார்கள். கணவர் வேறு சனலுக்கு மாற்றினார். நான் திரும்ப மாற்றினேன். நெஞ்சில் என்ன குத்தியிருக்கிறார்கள், ஊதாவா, பழைய சிவப்பா என்று பார்க்க முயன்றேன். படம் ஆடிக்கொண்டே இருந்தது. அதிகாரியின் நம்பருக்கு எடுத்தால் மணி போய் நின்றது. பிறகு மணியும் போகவில்லை.

வருட முடிவுக் கணக்கு வந்தபோது அக்கா பிடித்துக்கொண்டார்.

“ஒரு சாமான் கடையால போயிருக்கு, அதுக்குப் பில் இல்லை. நான் என்னெண்டு காட்டுறது? ஒரு பில்லைப் போட்டு அனுப்புவம்.”

“அனுப்பாதேங்கோ அக்கா. கும்பிட்டன்.”

“அப்ப இலவசம் எண்டு எழுதட்டோ?”

“இலவசம் எண்டால் குடுத்த மாதிரி. அதுவும் வேண்டாம்.”

“அப்ப என்னதான்டி எழுத?”

“வரவேணும் எண்டு எழுதுங்கோ.”

வீட்டில் கணவர் இன்னொரு வழி சொன்னார். “நீயே அந்தக் காசைக் கடையில கட்டிவிடு. பிரச்சினை முடிஞ்சுது.” நான் கட்டினால் அதை நான் வாங்கின மாதிரி. எங்கள் வீட்டில் யாருக்கு அது?

சென்ற மாதம் கடையில் நான் தனியே இருந்த நேரம் போன் வந்தது. இளம் பெண் குரல், அந்த நாட்டின் இராணுவ அலுவலகத்திலிருந்து. கணக்குப் பிரிவாம்.

“உங்களிடமிருந்து வந்ததில் ஒன்று கூடுதலாக இருக்கிறது. அதற்குப் பில் எங்களிடம் இல்லை. அனுப்பினால் உடனே கட்டிவிடுகிறோம்.”

நான் அவசரமாகக் கேட்டேன். “பெட்டிக்குள்ள இருக்கிறதை எண்ணினீங்களோ? இல்லாட்டிக் குடுத்து முடிச்சதை எண்ணினீங்களோ?”

“புரியவில்லை.”

“அந்த ஒண்டு பெட்டியில இருக்கோ?”

“எனக்கு எண்ணிக்கைதான் வந்திருக்கிறது, அம்மா. நூற்றொன்று என்று. பெட்டியை நான் பார்க்கவில்லை.”

“அந்த அதிகாரி இருக்கிறாரோ? அவருக்குத் தெரியும். தனியா வைக்கிறன் எண்டு சொன்னவர்.”

கடதாசி புரட்டுகிற சத்தம் கேட்டது. “அவர் இப்போது இந்தப் பிரிவில் இல்லை,” என்றாள். வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களா என்று கேட்டிருக்கலாம். என்னால் ஏலவில்லை. பில் அனுப்புகிறீர்கள்தானே என்று அவள் மறுபடி கேட்டாள். பார்ப்போம் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அண்ணைக்கும் அக்காவுக்கும் சொன்னேன். “தாறன் தாறன் எண்டு நிக்கிறவையிட்டைக் காசு வேண்டாம் எண்டு சொல்லுற கடை உலகத்தில எங்கடது ஒண்டுதான்,” என்றார் அக்கா. இந்த முறை அண்ணை பகிடி விடவில்லை. மிஞ்சின நான்கு வார்ப்புகளையும் எடுத்து, உருக்கப் போகிற பழைய சாமான் பெட்டிக்குள் போட்டார். போட்டுவிட்டு, “கேட்டால் கேக்கட்டும். பில் போகாது,” என்றார்.

இந்தக் கிழமையும் அந்தப் பெண்ணின் நம்பரிலிருந்து போன் வந்தது. நான் எடுக்கவில்லை. பில் போகாத வரைக்கும் அது கடையின் பதக்கம். கடையின் பதக்கத்தை யாருக்கும் கொடுக்க முடியாது, அவரே சொன்னார். பெட்டியின் மேல்தட்டில், மெல்லிய கடதாசிக்கு மேலே, பின்பக்கம் பெயரில்லாமல் அது கிடக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன்.

அக்காவின் கணக்கில் அது இன்னும் வரவேண்டிய காசாகவே நிற்கிறது. பதினேழு யூரோ நாற்பது சென்ட்.